சட்டிக்காரன் பங்கு

உத்தமன் ஜல்லிக்கரண்டியால் வறுவலைத் திருப்பிவிட்டு மறுபடியும் வாசலைப் பார்த்தான். முதலாளி வைத்தீஸ்வரன் இன்னும் வரவில்லை. லேக் மார்க்கெட் பலகாரக் கடையின் பின்கட்டில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது; அதைவிட அவன் மனசு கொதித்தது.

பொன்னிறமான உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டுக்குப் போகும். சிவந்து கருகியது ‘சட்டிக்காரன் பங்கு’. கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து சோற்றுக்கும் டீக்கும் அதுதான் அவனுக்குத் துணை. ஓசியில் கிடைக்கிறதே என்று பெருமை வேறு!

குழந்தை இல்லாத பழி முழுவதும் அவன் மனைவி தமயந்தி தலையில்தான் விழுந்தது. ஊரிலிருந்து அவன் அம்மா போனிலேயே அவளைக் கரித்துக் கொட்டினாள். செவ்வாய் தவறாமல் விரதம் இருந்தவள், கடைசியில் அவனையும் டாக்டரிடம் இழுத்துப் போனாள். குறை அவனிடம். விந்தணு மிகவும் குறைவு. என்ன வேலை, என்ன சாப்பாடு என்று அந்த வங்காளி டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டாள். கிழங்கு கருகினால் ஒரு நச்சு உண்டாகிறது, எலிகளுக்கு அதனால் இந்தக் கேடு வந்திருக்கிறது, மனிதருக்கு உறுதியாகச் சொல்ல முடியாது, இருந்தாலும் அதையும் அடுப்புச் சூட்டையும் விட்டால் தேறலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தமயந்தி அழவில்லை. “இத்தன வருசம் நா பட்டினி கெடந்தேன். நீங்க அந்தச் சட்டிய விடுங்க” என்றாள். வெட்கத்தில் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வைத்தீஸ்வரன் வந்ததும் உத்தமன் விஷயத்தைச் சொல்லி, “என்னய பாக்கெட் போடுத பக்கம் மாத்துங்க மொதலாளி” என்றான்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “நானும் பேப்பர்ல எப்பவோ படிச்சேன்ப்பா. அதான் எங்க வீட்ல புள்ளைங்களுக்குக் கருகினதக் குடுக்கறதே இல்ல. மாத்திக்கோ. ஆனா துர்கா பூஜா நேரம், சட்டி நிக்கக் கூடாது. ஒன் எடத்துக்கு ஊர்லேருந்து ஆளப் புடிச்சுக் குடு. அதுவரைக்கும் நீதான்.”

தெரிந்துமா தன்னைத் தின்ன விட்டார்? உத்தமனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தமயந்தியை நினைத்துக்கொண்டு சந்துக்குள் போய், வேலையில்லாமல் இருந்த சித்தி மகன் ஜெய்ராமுக்குப் போன் போட்டான்.

“எங்க கடையில எண்ணெய்ச் சட்டி வேல ஒண்ணு இருக்குடா.”

“நாளைக்கே வாரேண்ணே! தாலி கட்டுன நாள்லருந்து சும்மா இருக்கேன்னு மாமனார் வீட்ல ஒரே ஏச்சு. சாப்பாடு அங்கனயேதானாண்ணே?”

போனில் அவன் பக்கத்திலிருந்து அவன் புதுப் பெண்டாட்டி ஏதோ கேட்டுச் சிரித்தாள். வரச் சொல்வதா, தடுப்பதா என்று தெரியாமல் உத்தமன் சந்திலிருந்தே பின்கட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, கேக்குதா? அவளுக்கும் சேத்தே டிக்கெட் போட்டுறவா?”