ஐஸ் சட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மீன்கடையில் கிடைத்தது. மீன் கிடைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஆள் மீனே வாங்காமல் ஐஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"என் வீட்டுக்காரிக்கு."

"ஓகோ, வீட்டம்மாவுக்கு ஐஸ் வைக்கணுமா?"

"ஆமா. முதுகுல நாலு, நெஞ்சுல நாலு."

சொன்னவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்துவிட்டு ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: கதிரவன் தன் செங்கதிர்களை எங்கும் பரப்பி

[வேண்டாம். வெயில் என்றால் வெயில்.]

இரண்டாவது தொடக்கம்: அவர் தையல்காரர். மனைவிக்கு பேக்கரியில் அடுப்படி வேலை. மீதி நேரமெல்லாம் ஓட்டம். போன வருடக் கோடையில், நெடுந்தூரப் பந்தயத்தில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்துக் கணவரைப் பார்த்தவள், நர்சிடம் "இந்த ஆள் யாரு?" என்று கேட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அவருக்குத்தான் அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

[இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.]

3

இந்த வருடமும் ஓடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அடுப்புல வேகறவ நான். வெயில்கிட்ட தோத்துட்டேன்னு இருந்தா எனக்குத் தூக்கம் வராதுங்க."

"நீ மறுபடி என்னைப் பார்த்து யாருன்னு கேட்டா எனக்கு வராது."

டாக்டரிடம் போனார்கள். "ஓடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் உடம்பைக் குளிர வையுங்க*" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. குளிர்ந்த உடம்பு பொய் சொல்லும். பிரமாதமா இருக்கேன்னு சொல்லும். அதை நம்பி எடுத்த எடுப்புலயே பறந்துடாதீங்க. இன்னொரு தடவை விழுந்தா, போன தடவை மாதிரி தெளிஞ்சு எழுந்துப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

(* இதனால் உடம்பில் சூடு ஏறக் கொஞ்சம் தாமதமாகும். ஏறவே ஏறாது என்று யாரும் சொல்லவில்லை. நான் பஸ்ஸுக்குக்கூட ஓடாதவன், படித்துத் தெரிந்துகொண்டேன்.)

தையல்காரர் சட்டை தைத்தார். கையில்லாத சட்டை, மழைக்கோட்டுத் துணியில் எட்டுப் பைகள். நாடாவை எடுத்து அளந்தபோது அவள் சிரித்தாள்.

"இத்தனை வருஷத்துல என் அளவு தெரியாதா?"

"போன கோடைக்கப்புறம் இளைச்சிருக்கே."

[இங்கே ஐஸ் சட்டையையும் கதை எழுதுவதையும் ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்.]

4

பந்தய நாள். சட்டையைப் போட்டுக்கொண்டு மர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பல் தந்தியடித்தது.

"காய்ச்சலாம்மா?" என்றார் பக்கத்தில் கால் நீவிக்கொண்டிருந்தவர்.

"இல்லைங்க, ஐஸ்."

வரிசையில் வந்து நிற்கச் சொல்லி விசில் ஊதியதும் சட்டையைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள்.

"எப்படி இருக்கு?"

"சொர்க்கமா இருக்குங்க!"

அங்கேதான் வந்தது வினை. சட்டை அவ்வளவு கச்சிதம். வேறு யாராவது தைத்திருந்தால் அங்கங்கே தொளதொளத்து, உடம்பு பாதிதான் குளிர்ந்திருக்கும். அவளும் பயந்து அடக்கி ஓடியிருப்பாள். இவளோ முதல் வரிசை ஆட்களோடு சிட்டாகப் பறந்தாள்.

"மெதுவா போடி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். திரும்பாமலே கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

[அவளை நிதானமாக ஓடவிட்டும் எழுதிப் பார்த்தேன். சமர்த்தாக முடித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். கதை படுத்துவிட்டது. அதற்காக ஒரு பெண்ணை வெயிலில் விரட்டுவாயா என்று கேட்டால், தலையைக் குனிந்துகொள்கிறேன்.]

5

முடிவுகள்:

அ) ஜெயிக்கிறாள். [எனக்கே நம்பிக்கை இல்லை.]

ஆ) விழுகிறாள். [இரண்டு தடவை உட்கார்ந்தேன். மனசு வரவில்லை.]

இ) திடீரென்று வானம் கறுத்து

[சீ.]

6

ஆகவே இதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தையல்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு குறுக்கு வழியில் ரயில்வே கேட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள். முகம் வெந்திருந்தது. கால் ஒன்று கோணலாக விழுந்தது. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தாள். மற்றவர்களில் பாதிப் பேருக்கும் கால் அப்படித்தான் விழுந்தது.

அவர் சாலையில் இறங்கினார். பச்சைத் தொப்பி போட்ட பந்தய ஊழியர் தடுத்தார்.

"சார், தொட்டீங்கன்னா அவங்க அவுட்டு. அப்புறம் ஓட விடமாட்டோம்."

"அவ என் சம்சாரம்யா!"

"யாரா இருந்தாலும் ரூல்ஸ் அதான் சார்."

"நில்லும்மா! போதும்மா!" என்று கூப்பிட்டபடி கையை நீட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள். "தொடாதீங்க" என்றாள்.

புருஷனிடம் சொன்னாளா, வழியில் கை நீட்டும் எவனோ ஒருவனிடம் சொன்னாளா? அந்தப் பார்வையை வைத்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுதியவன் நான், எனக்கும் முடியவில்லை. யாரென்று தெரிந்தே சொல்லியிருந்து, அவர் பிடித்து நிறுத்திவிட்டால், ஆயுசுக்கும் அவரை மன்னிக்கமாட்டாள். தெரியாமல் சொல்லியிருந்து, அவர் விட்டுவிட்டால், மன்னிக்க அவள் இருக்கமாட்டாள்.

இன்னும் ஓர் எட்டு வைத்தால் அவர் கையைத் தாண்டிவிடுவாள். பிடிக்கச் சொல்கிறீர்களா, விடச் சொல்கிறீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள், அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள்.