சேர்க்காமல், குறைக்காமல்

அவளுடைய வேலைக்கு இரண்டே விதிகள். கேட்டதைச் சேர்க்காமல் குறைக்காமல் மொழிபெயர்க்க வேண்டும். நோயாளி 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக அந்த மருத்துவமனையில் யார் யாருடைய மூலத்தையும் முட்டிவலியையும் அவள் தன்னுடையதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்று காலை மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர். முப்பது வருடம் பணிமனையில் பஸ் கழுவியவர். தொண்டையில் புற்று. மறுநாள் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். அதன் பிறகு பேச்சு வராது. பக்கத்தில் மகன். அவனுக்கு அந்த ஊர் மொழிதான் தெரியும், தமிழ் மருந்துக்கும் தெரியாது. பெற்ற மகன் இருக்க, அப்பா சொல்வதைச் சொல்ல வெளியாள். அவளுக்கு இது பழகியதுதான்.

மருத்துவர் எல்லாம் விளக்கிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"எம் பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டாளேன்னு இன்னைக்குத்தாம்மா வருத்தமா இருக்கு," என்றார் பெரியவர், கரகரத்த குரலில். "வாயை மூடுங்க, வாயை மூடுங்கன்னு காலமெல்லாம் தலையில அடிச்சுக்கிட்டா. கடைசியில மூடுறப்போ பாக்கக் குடுத்து வைக்கலையே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். மருத்துவர் இரங்கல் கூட்டத்தில் நிற்பவர் போலத் தலையசைத்தார். மகன் அவளையே பார்த்தான்.

"ஏன் சிரிச்சீங்க?" என்றான் ஊர் மொழியில்.

"உங்கப்பா தமாஷா சொன்னாரு."

"அப்பாவா?"

வா, சாப்பிடு, பாத்துப் போ. அந்த ஊர் மொழியில் பெரியவரிடம் இருந்தது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் அவர் இந்தப் பிள்ளையை வளர்த்திருக்கிறார்.

"எங்கப்பா தமாஷா பேசுவாரா?" என்று மறுபடி கேட்டான். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பது போல இருந்தது.

பதில் சொல்ல விதியில் இடமில்லை. சொன்னாள். "வந்ததுலேருந்து தமாஷ்தான். உங்களுக்குத்தான் வந்து சேரல."

பெரியவர், "என்னம்மா கேக்குறான்?" என்றார். அவள் சொன்னாள். அவர் போர்வையை நீவிக்கொண்டே சொன்னார்:

"பேச்சைக் கேலி பண்றாங்கன்னு ஸ்கூல்ல சேத்த புதுசுல ஒரு நாள் அழுதுக்கிட்டு வந்தான். அன்னையிலேருந்து வீட்டுல அவன் காதுபடத் தமிழ் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன். அவனுக்குன்னு போட்டது. மாட்டிக்கிட்டது நான்."

அந்த 'நான்' அவள் வாயில் சிக்கிக்கொண்டது. அவள் வீட்டிலும் எட்டு வயதில் ஒருத்தி இருக்கிறாள். தமிழில் கேட்டால் ஊர் மொழியில் பதில் சொல்கிறவள். ஒருவழியாக மகனிடம் சொல்லி முடித்தாள்.

மகன் போனை எடுத்து ரெக்கார்டிங்கைப் போட்டுப் போர்வைமேல் வைத்தான். "அப்பாவைப் பேசச் சொல்லுங்க. எது வேணாலும். நீங்க மொழிபெயர்க்க வேண்டாம். நான் தமிழ் கத்துக்கிட்டு அப்புறம் கேக்குறேன்."

"கத்துக்குவானாமா?" என்றார் பெரியவர். "முப்பத்தஞ்சு மார்க்குக்கே முக்கி முனகினவன்." போனைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார். அவன் பிறந்த அன்று பெய்த மழை, அம்மா அவனைத் திட்டிய திட்டு, பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பல்செட் என்று வரிசையாகச் சொன்னார். இடையிடையே தானே சிரித்தார். மகனும் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தான்.

அதே குரலில் பெரியவர் சொன்னார்: "ஒரு தடவை மழைன்னு குடை எடுத்துக்கிட்டு உன் ஸ்கூலுக்கு வந்தேன். வேலை உடுப்போட. யாருடா இவருன்னு ஒரு பையன் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர்னு நீ சொன்னே. அந்த ஒரு வார்த்தை எனக்கு நல்லாத் தெரியும்பா. கோவமில்ல. நான் உன் அப்பன்டான்னு அந்த மொழியில சொல்லத் தைரியம் வரல, அவ்வளவுதான்."

அப்பா முடித்துவிட்டார் என்று தெரிந்ததும் மகன் வாய்விட்டுச் சிரித்தான். அது பெரிய தமாஷாக இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

பெரியவர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவர் முகமும் விரிந்தது.

"பாத்தியாம்மா," என்றார் அவளிடம். "நான் சொல்லிச் சிரிக்கிறான்."

அதையும் அவள் மொழிபெயர்க்கவில்லை.