கம்பம் நட்ட ஊரில் ஓர் ஆள் குறைந்தபோது

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனியா கேட்டாள். அவள் நடத்துகிற பத்திரிகையின் ஆண்டு மலருக்கு ஒரு திருவிழா நினைவு வேண்டுமாம். "சண்டை சச்சரவெல்லாம் வேண்டாம் யுவா, படிச்சா மனசு குளிரணும்" என்றாள். நான் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்த்துக் கண்ணாடிக்கு எழுதிக்கொடுக்கிறவள். மனசைக் குளிர வைக்கிற வேலைக்குப் புதுசு. திருவிழா என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒன்றே ஒன்றுதான்: சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சித்திரையில், எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தோடு போய்ப் போலீஸ் ஸ்டேஷன் முன்னால் ரோட்டில் உட்கார்ந்த நாள்.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன நாளுக்குப் போய் எவளாவது ஏங்குவாளா? நான் ஏங்குகிறேன். ஏன் என்று எழுதித்தான் பார்க்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "அந்தி சாயும் வேளையில், வெள்ளகோவில் சாலையில்..."

வேண்டாம். கரூர் லாரிகள் பறக்கிற அந்த ரோட்டில் அந்தியை யார் நின்று பார்த்தார்கள்?

இரண்டாவது: "கௌதமன் ஓர் அப்பாவி."

[அடித்துவிட்டேன். அப்பாவி என்று ஆரம்பித்தாலே ஏதோ செய்தவன் மாதிரி ஆகிவிடுகிறது.]

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி சொல்வது. என் அண்ணன் கௌதமன் ஒயர்மேன். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மாதம் தோட்டங்களில் கேபிள் திருட்டு. உள்ளே இருக்கிற காப்பர் கம்பிக்காக யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் காலனி ஊருக்குக் கிழக்கே, தனியாக இருக்கிறது. கேபிள் போனாலும் கோழி போனாலும் போலீஸ் முதலில் வருவது அங்கேதான். அன்று மத்தியானம் வேலை முடித்து வந்த கௌதமனை ரோட்டில் நிறுத்தினார்கள். பையில் பழைய ஒயர்த் துண்டுகள் இருந்தன.

"எந்த ஊரு?"

சொன்னான்.

"ஊர்ல எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னான். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அவனுக்குப் பின்னாலேயே வந்த மதன்குமாரும் ஒயர்மேன்தான், அவன் பையிலும் அதே ஒயர்தான். ஆனால் அவன் ஊருக்குள் இருப்பவன், தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை. "நீங்க போங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். [இதை எப்படிக் குளிர வைப்பது என்று இனியாதான் சொல்ல வேண்டும்.]

3

வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டி, கோயில் வாசலில் மூன்று கிளை விட்ட மரக் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியே ராத்தங்கக் கூடாது. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் ஊருக்கு ஆகாது. பெண்கள் காலையும் சாயங்காலமும் கம்பத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் காலனிப் பெண்கள் ஊற்றுகிற வழக்கம் கிடையாது. ஆனால் ராத்தங்கக் கூடாது என்கிற கட்டு எங்களுக்கும் உண்டு. அதில் மட்டும் நாங்களும் ஊர்க்காரர்கள்.

கம்பம் நட்டிருந்த சமயத்தில்தான் கௌதமனைப் பிடித்தார்கள். மதன்குமார் நேராகக் கோயில் வாசலுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். தண்ணீர் ஊற்ற நின்றிருந்த பெண்களில் மாரியாத்தாள்தான் முதலில் வாய் திறந்தார். நாலு ஏக்கர் தென்னையும் நாற்பது ஏக்கர் வாயும் உள்ள மனுஷி.

"கம்பம் நட்டிருக்கையில எங்கூரு ஆளை ராத்திரிக்கு வெச்சுக்குவாங்களா? அதையும் பாத்துப்போடலாம். ஏத்துங்கடி குடத்தை, வண்டியில!"

இரண்டு மினி டெம்போ. ஈரச்சேலை, வேப்பிலை, தளும்புகிற குடங்கள். ஸ்டேஷன் முன்னால் ரோட்டை அடைத்து உட்கார்ந்தார்கள். [எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். வம்பு அண்ணனுக்குத்தான்.] எங்கள் ஊர்ப் போராட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே! கோஷம்கூட மரியாதையாகத்தான். "ஆளை உடுங்க! பொழுது சாயுதுங்க!" பெண் போலீசுக்கு ஒருத்தி குங்குமம் கொடுத்தாள். ஹாரன் அடித்த லாரிக்காரரிடம், "ஏனுங்க, செத்த நேரம் பொறுத்துக்கங்க, சாமி காரியமுங்க" என்றதும், மனுஷன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ரோட்டோரம் போய்க் கைகட்டி நின்றார்.

எங்கம்மா பாவாத்தாளும் நோம்பிக்கு வந்திருந்த நானும், ரோட்டில் பார்த்தவர்கள் சொல்லி, அதற்கு முன்பே அங்கே போய் ஓரமாக நின்றிருந்தோம். மாரியாத்தாள் பார்த்துவிட்டார்.

"ஏன் பாவாத்தா அக்கட்டால நிக்கறே? இப்படி வந்து உக்காரு."

தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். அம்மா தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். தாகம் எடுத்தபோது இரண்டு பேரும் ஒரே குடத்துத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தார்கள். அதுவரை எங்கள் ஊரில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.  இதற்குத்தான் ஏங்குகிறேன், வேறெதற்கும் இல்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "சாமி காரியத்துல நமக்கெதுக்குங்க பொல்லாப்பு" என்றார். பொழுது சாய்வதற்குள் அண்ணன் வீட்டில் இருந்தான்.

4

இந்த இன்ஸ்பெக்டரை எழுத எனக்கு வரவில்லை. முதல் பிரதியில் பெரிய மீசை வைத்தேன். நிஜத்தில் அவருக்கு மீசையே இல்லை. அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். கன்னத்தில் விரல் பதிந்திருந்தவனுக்கு டீ. [அதுவரை எழுதியதைப் படித்த இனியா இந்த வரியை எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை.]

அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"நான் அழுதேன்னு எழுதிருக்கறயே, நான் எங்க அழுதேன்?"

"அழுதீங்கம்மா. நான் பாத்தேன்."

"அது கொடத்துத் தண்ணி தெறிச்சது. அடிச்சுப்போடு அதை."

அடித்துவிட்டேன்.

5

எழுதுவதற்காக அன்றைய வீடியோவை மறுபடி பார்த்தேன். மதன்குமார் எடுத்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம். கம்பம் என்கிறார்கள், சாமி என்கிறார்கள், எங்கூரு ஆளு என்கிறார்கள். கௌதமன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவன் திருடவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரே மாதிரி ஒயரை வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவனை மட்டும் ஏன் பிடித்தீர்கள் என்று மதன்குமார்கூடக் கேட்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். சிரித்தான்.

"ஆளு வெளிய வந்தனா இல்லியா? எதைச் சொல்லிக் கூட்டிட்டு வந்தா என்ன புள்ள?"

அவனுக்கு அது போதும். எனக்குத்தான் வயிறெரிகிறது. அப்படியும் ஏக்கம் போய்த் தொலைய மாட்டேன் என்கிறது.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்று, அண்ணன் படியிறங்கி வர, பெண்கள் குலவை போட, எல்லோரும் ஒன்றாக டெம்போக்களில் ஊர் திரும்புவது. அப்படியே நடந்ததுதான், மலருக்கும் பொருத்தம். இன்னொன்று, அடுத்த நோம்பியில் எங்கம்மாவும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது. அது நடக்கவில்லை. ஆசைக்கு எழுதினேன். முதலாவதை இன்று இனியாவுக்கு அனுப்புவதாக இருந்தேன்.

6

அனுப்பவில்லை. காலையில் அம்மா கூப்பிட்டாள்.

"கண்ணு, அண்ணனை மறுக்காவும் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

மறுபடி கேபிள் திருட்டு, மறுபடி அதே ரோடு, அதே பை. இந்தத் தடவை கேஸ் போட்டுச் சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம். கேஸ் விழுந்துவிட்டால் எந்தத் தோட்டத்துக்காரர் அவனை மோட்டாரைத் தொட விடுவார்? வக்கீலுக்குச் சொல்லிவிட்டேன். அம்மா ஸ்டேஷன் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இது ஐப்பசி மாதம். கோயில் வாசலில் கம்பம் இல்லை.

மாரியாத்தாளுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கம்மா, யுவஸ்ரீ பேசறேனுங்க. பாவாத்தா மக."

"சொல்லு கண்ணு, நல்லாருக்கறயா?"

நடந்ததைச் சொன்னேன். "அட பாவமே, நல்ல பையனாச்சே" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்தக் குரலை நான் சந்தேகப்பட மாட்டேன்.

"அன்னைக்கு மாதிரி எல்லாரும் வந்து உக்காந்தீங்கன்னா உட்டுருவாங்கம்மா."

"வரலாம் கண்ணு. வர்றதுக்கென்ன. ஆனா இப்ப நோம்பி இல்லியே. என்னன்னு சொல்லி எல்லாத்தையும் கூப்புடறது?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"கௌதமனைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிக் கூப்புடுங்கம்மா. அவன் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லிக் கூப்புடுங்க."

 அதற்கு மாரியாத்தாள் ஒன்று சொன்னார்.

7

அதை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அவரை மெச்சுவீர்கள், இல்லாவிட்டால் திட்டுவீர்கள். இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். இனியா, இதுதான் கதை, போட்டால் போடு. நான் ஊருக்குப் பஸ் ஏறப் போகிறேன். மாரியாத்தாள் இடத்தில் நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. எங்கம்மா பக்கத்தில் இன்னும் யாரும் வந்து உட்காரவில்லை.