செத்த ஆற்றைச் சுற்றி

எர்மெஸ் வலப்பக்கச் சரிவில் இறங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பக்கத்து ஊர் வில்லாரோசாவுக்குப் போகிற வழி இல்லை என்று. கரைமேட்டில் நடந்தால் காலுக்கடியில் சரளை நெறுநெறுக்கும். சரிவில் இறங்கியதும் அந்தச் சத்தம் நின்று, பாப்லர் மரத்து இலைகளின் ஈர மெத்தை மிதிபட்டது. மூடுபனியில் நான் நீட்டிய கைத்தடியின் நுனி எனக்கே தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினேன்.

இத்தாலியில் போ என்கிற எங்கள் நதியின் கரையில் பிறந்தவர்களுக்கு நடக்கத் தெரிந்ததும் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: பனி நாளில் தண்ணீரை வலக்கைப் பக்கம் வை, மணியை முன்னால் வை. பனி இறங்கினால் எங்கள் பக்கத்து மாதாகோவில்களில் மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருக்கும், கரையில் வருகிறவர்களுக்காக. தண்ணீரையும் மணியையும் நம்பி நடந்தால் அடுத்த ஊரும் சாப்பாடும் வந்துவிடும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு காலை வாரிவிடும். ஆறு எப்போதோ தடம் மாறிப் போனபோது விட்டுவிட்டுப் போன பழைய வளைவு ஒன்று கரைக்குக் கீழே குட்டையாகக் கிடக்கிறது. செத்த ஆறு என்போம். அங்கே இறங்கிவிட்டால் தண்ணீர் வலப்பக்கமேதான் இருக்கும். சுற்றிச் சுற்றி இறங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டியதுதான்.

முப்பத்தைந்து வருஷம் எங்கள் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தேன். அடுப்பு முன்னால் நின்று நின்று இடது முட்டி போனது. கடையை மூடியபோது டாக்டர், "நடங்க, ஆனா சமதரையில மட்டும் நடங்க" என்றார். சமதரைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? இங்கே மேடு என்று ஒன்று உண்டென்றால் அது ஆற்றுக்கு நாங்கள் போட்ட கரைதான். அடுத்த தெரு எர்மெஸ், டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், "நானும் சும்மாதான் இருக்கேன், துணைக்கு வர்றேன்" என்றார். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் ஊருக்கு நடப்போம். அங்கே சாப்பாட்டுக் கடையில் கொதிக்கும் சூப்பில் சிவப்பு ஒயினைக் கொஞ்சம் ஊற்றிக் குடிப்போம். பஸ்ஸில் திரும்பி வருவோம். அவ்வளவுதான். ஊரார் பேசினார்கள். பேச எதுவும் நடக்கவில்லையே என்பது என் வருத்தம்.

டூரினில் இருக்கும் என் மகள் லொரெல்லா, வந்து என்னோடு இரு என்கிறாள். "அம்மா, அங்கயும் இதே ஆறுதான் ஓடுது" என்கிறாள். செவ்வாய்க்கிழமை சாமான் ஏற்ற வண்டி பேசி வைத்திருக்கிறாள். நாங்கள் நடந்த அந்த ஞாயிறு சாயங்காலமே அவள் போனில் கூப்பிடும்போது நான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். நான் எனக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தேன். எர்மெஸ் ஒரு வார்த்தை போகாதே என்று சொன்னால் இருந்துவிடுவது. இல்லையென்றால் வண்டி ஏறிவிடுவது. இந்த வயதில் என்ன பந்தயம் என்று கேட்கலாம். நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம் என்றும் சொல்லலாம். சொல்ல மாட்டேன். நானாகக் கேட்டு வாங்கினால் அது எனக்கு ருசிக்காது.

ஆனால் அந்த மனிதர் டிராக்டர் கியர் பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

"நீவெஸ், அதெல்லாம் அந்தக் காலத்து வண்டி. பல்சக்கரம் ஒவ்வொண்ணும் இவ்வளவு கனம். இப்ப வர்றதெல்லாம் பிஸ்கோத்து."

"அப்படியா" என்றேன்.

பனிக்குள்ளிருந்து பொரித்த மீன் வாசனை வந்தது. வான்னியின் குடிசை. தண்ணீருக்கு மேல் கம்பங்களில் சதுர வலையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருப்பான். எர்மெஸோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"யாரு, எர்மெஸா? இந்தப் பனியில எங்கடா கெளம்பிட்டீங்க?"

"வில்லாரோசாவுக்கு."

வான்னி என்னைப் பார்த்தான். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"நல்லது. போயிட்டு வாங்க."

வில்லாரோசா மணி அடித்தது. முதலில் எங்களுக்கு முன்னால் அடித்துக்கொண்டிருந்த மணி இப்போது இடப்பக்கம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் கேட்டது. எர்மெஸ் நின்று தொப்பியைத் தூக்கிக் காதைச் சொறிந்தார்.

"காத்து. மணிச் சத்தத்தைச் சுத்தி அடிக்குது."

பனி நாளில் காற்று ஏது? ஓர் இலைகூட அசையவில்லை. "ஆமா, பலமான காத்து" என்றேன். எனக்குள் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது. வில்லாரோசா தள்ளிப் போகப் போக அவருக்குப் பேச நேரம் கூடுகிறது. வழி தவறியது எனக்கு லாபம்தான்.

இரண்டாவது சுற்றில் அவர் பூசணிக்காய்க்கு வந்தார். இந்த வருஷம் கொடியில் காய்த்தது, எவ்வளவு பெரியது, யார் வீட்டுக் காய் சப்பென்று இருந்தது, எல்லாம். திடீரென்று நடையைத் தளர்த்தினார்.

"நீவெஸ், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

எனக்கு முட்டி வலி மறந்தது.

"கேளுங்க."

"வந்து... டூரின்ல பூசணிக்கா கிடைக்குமா?"

"கிடைக்கும். அங்க எல்லாமே கிடைக்கும்."

"நல்ல ஊருதான்" என்றார்.

அந்த நேரம் அவரைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டிருப்பேன். வலப்பக்கம்தான் இருந்தது, வசதியாக.

மறுபடி மீன் வாசனை. எர்மெஸ் குடிசையை மேலும் கீழும் பார்த்தார்.

"வான்னி, நீ இங்கயும் ஒரு குடிசை போட்டிருக்கியா?"

"ஆமாடா. எங்கெங்க பனி இருக்கோ அங்கெல்லாம் எனக்கு ஒரு குடிசை உண்டு."

"வில்லாரோசா இன்னும் தூரமோ?"

"நீ நடக்குற தினுசைப் பார்த்தா தூரம்தான்."

மூன்றாவது சுற்றில் எர்மெஸ் பேசவே இல்லை. கியர் பெட்டியும் தீர்ந்தது, பூசணிக்காயும் தீர்ந்தது. இலைகளில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு வருஷத்தில் அவர் பேசாமல் நடந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஓர் ஆள் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே நடப்பது எவ்வளவு ஆறுதல் என்று அப்போதுதான் தெரிந்தது. டூரினில் எனக்கு எல்லாம் கிடைக்கும். இது கிடைக்காது.

குடிசைக்கு வந்தபோது வான்னி கவிழ்த்துப் போட்ட இரண்டு வாளிகளை இழுத்து வைத்திருந்தான்.

"உக்காருங்க. நாய்கூட மூணு சுத்துதான் சுத்தும், அப்புறம் படுத்துரும்."

தட்டில் பொடிமீன் வைத்தான். ஒயினைக் கிண்ணங்களில் ஊற்றினான். நாங்கள் தின்றுகொண்டிருக்கும்போது பனி கலைந்தது. முதலில் வலையின் கம்பங்கள் தெரிந்தன. பிறகு எதிர்க்கரை. பிறகு மொத்தக் குட்டையும் தெரிந்தது. ஒரு கல்லை விட்டெறிந்தால் அந்தப் பக்கம் விழும், அவ்வளவுதான் அது. அதற்கு மேலே கரைமேடு, அதற்கும் அப்பால் வெயிலில் வில்லாரோசாவின் செங்கல் கோபுரம், கூப்பிடு தூரத்தில்.

வான்னி மீன் முள்ளைத் துப்பிவிட்டு ஆரம்பித்தான்.

"ஏண்டா எர்மெஸ், நாம ரெண்டு பேரும் நீச்சல் கத்துக்கிட்டது இந்தக் குட்டையிலதானே? உன் கால்சட்டையை அந்த மரத்துலதானே ஒளிச்சு வெச்சேன்?"

எர்மெஸின் காது சிவந்தது. நான் அவரைப் பார்த்தேன். அப்படியானால் இறங்கும்போதே தெரிந்துதான் இறங்கியிருக்கிறார்.

"சிரிக்காதீங்க நீவெஸம்மா" என்று வான்னி என் பக்கம் திரும்பினான். "வாராவாரம் சைக்கிள்ல இந்தக் குடிசைக்கு ரொட்டி கொண்டுவந்து குடுத்தது யாரு? உங்களுக்கு மட்டும் வழி தெரியாதாக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து என் மீனைத் தீர்த்ததுதான் மிச்சம்."

இப்போது எர்மெஸ் என்னைப் பார்த்தார். எனக்கும் முகம் சூடேறியது. வான்னி, வலையைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போனான். வலையில் ஒன்றும் இல்லை என்பது நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

எர்மெஸ் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"லொரெல்லா வீடு எந்தப் பக்கம்?"

"ஆத்துக்கு அந்தாண்ட. குன்று மேல."

"குன்றா?" என்றார், ஏதோ கெட்ட செய்தி கேட்டவர்போல. "உங்க முட்டிக்கு மேடு ஆகாதே. டாக்டர் சொன்னாரே."

"டாக்டர் சொன்னார். முட்டிக்கு ஆகாதுதான். உங்களுக்கு?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். பெரிய பெரிய எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிய கை கிண்ணத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் என் பந்தயம், வீம்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"சாயங்காலம் லொரெல்லா கூப்பிடுவா" என்றேன். "வண்டி வேண்டாம்னு சொல்லப்போறேன்."

அவர் மூச்சை விட்ட வேகத்தில் கிண்ணத்தில் ஒயின் அலம்பியது.

"அப்படின்னா... நான் இனிமே ஒண்ணும் கேக்க வேண்டியதில்லையா?"

"நல்லா இருக்கே. கேக்காம விடுவேனா? கேட்டே ஆகணும்."

"கொஞ்சம் நேரமாகும், நீவெஸ்."

"சமதரைதானே. என் முட்டி தாங்கும்."

கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தோம். கரைச்சரிவுக்கு அடியில் வந்து நின்றோம். இடப்பக்கம் மேலே ஏறினால் வில்லாரோசா. சுடச்சுட சூப், மேஜை விரிப்பு, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். பகல் வெயிலில் வழி கண்ணாடிபோல் தெரிந்தது. எர்மெஸ் கோபுரத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் திரும்பினார்.

மணி அடித்தது, அது இருந்த இடத்திலிருந்தே. பின்னால் வான்னி மீன்சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றும் சத்தம் கேட்டது. தண்ணீர் எங்கள் வலக்கைப் பக்கம் மினுங்கிக்கொண்டு கூடவே வந்தது.