எதிர்க் கவுண்டர்

ஜெரால்டினுக்குச் சிவப்பு நிறமே ஆகாது. அந்த வெறுப்பு ஷாமளா எதிர்க் கவுண்டருக்கு வேலைக்கு வந்த பிறகு பிடித்தது.

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பேரங்காடியின் மாடியில் அந்த லேப்டாப் கடை இருந்தது. கம்பெனிக்கு ஒரு கவுண்டர், கவுண்டருக்கு ஒரு நிறச் சட்டை. ஜெரால்டின் நீலச் சட்டை. கடை திறந்த நாளிலிருந்து நீலம்தான். வீட்டிலும் கணவர் லெஸ்லிக்கும் மகள் அமண்டாவுக்கும் அவளே பார்த்து எடுத்துக் கொடுத்த நீலக் கம்பெனி லேப்டாப்தான். ஷாமளா சிவப்புச் சட்டை. லாபிஸ் ஊரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் சின்னப் பெண். எப்போதும் சிரித்த முகம். ஒருத்தி நாள் முழுக்க எதற்காக அப்படிச் சிரிக்க வேண்டும் என்று ஜெரால்டினுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாடிக்கையாளரை இழுத்திருந்தால்கூடப் பொறுத்துப் போயிருப்பாள். ஷாமளா இழுத்துக்கொண்டது அமண்டாவை.

சனிக்கிழமைகளில் அம்மாவை அழைத்துப் போக வரும் அமண்டா, நேரே சிவப்புக் கவுண்டருக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். திரையிலேயே பேனாவால் வரையும் ஒரு லேப்டாப் அங்கே காட்சிக்கு இருந்தது. அமண்டா வரைவாள், ஷாமளா கன்னத்தில் கை வைத்துப் பார்ப்பாள், இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டில் ஜெரால்டின் கேட்கும் எல்லாவற்றுக்கும் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் சொல்கிற அதே பெண்தான்! எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஜெரால்டினுக்கு வேறு வழியில்லை. பொறாமை என்று அவள் அதைச் சொல்லமாட்டாள். நாம் சொல்லிவிடலாம்.

கட்டடக்கலை படிக்க அமண்டாவுக்கு யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. பழைய நீல லேப்டாப்பின் மூடி கழன்று தொங்கியது.

"மம்மி, இந்தத் தடவ சிவப்பு எடுக்கலாம்னு இருக்கேன்," என்றாள் அமண்டா, சாப்பிட்டுக்கொண்டே.

ஜெரால்டினின் கையில் சோறு அப்படியே நின்றது. "அது சூடாவும். பேட்டரி உப்பிக்கும். சர்வீசுக்குக் குடுத்தா திரும்பி வராது."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்றேன். இந்த வேலையில பழம் தின்னு கொட்ட போட்டவ நான்."

அதில் பாதி பொய் என்று அவளுக்கே தெரியும். லெஸ்லி தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. தினமும் நெரிசலில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் மனிதருக்கு வீட்டில் இன்னொரு நெரிசல் வேண்டாம். இதெல்லாம் அந்த லாபிஸ்காரி ஓதிவிட்டது என்று ஜெரால்டின் முடிவே கட்டிவிட்டாள். தன் வயிற்றில் பிறந்தவளுக்கு எது நல்லதென்று நேற்று வந்தவள் சொல்வதா? அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி சாப்பிடப் போனால் எதிரில் இருப்பவள் அவள் கவுண்டருக்கு ஜாகா, அதாவது காவல், பார்க்க வேண்டும். அப்போது வருகிறவர்களிடம் அந்தக் கவுண்டரின் பொருளைத்தான் புகழ வேண்டும்; பில்லில் போனவளின் பெயரைத்தான் போட வேண்டும். நிறச் சட்டைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டாலும் இதில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை. ஜெரால்டின் சாப்பிடப் போன வேளைகளில் ஷாமளா விற்றுக் கொடுத்த நீலங்கள் ஏராளம்.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஷாமளா சாப்பிடப் போயிருந்தாள். நீலச் சட்டையோடு சிவப்புக் கவுண்டரில் நின்றுகொண்டிருந்த ஜெரால்டின் முன்னால் வந்து நின்றது அமண்டா. கையில் லெஸ்லியின் கார்டு.

"பேனா வெச்சது ஒன்னு வேணும்."

"ஸ்டாக் இல்ல," என்றாள் ஜெரால்டின், கண்ணிமைக்காமல். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வழக்கத்தை அவள் மீறியது அதுதான் முதல் தடவை.

"அலமாக்! உங்க பின்னாலதான் பெட்டி இருக்கு மம்மி."

இருந்தது. ஜெரால்டினுக்கு முகம் சூடேறியது. அவமானம் கோபமாக வெளியே வந்தது. "அவதானே எடுக்கச் சொன்னா? சொல்லு! என்னைவிட அவ உனக்குப் பெரிசாப் போய்ட்டாளா?"

அமண்டா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஷாமளா அக்கா நீலம் எடுக்கத்தான் சொன்னாங்க. அம்மா மனசு கஷ்டப்படும், வேணாம்லான்னு எத்தன தடவ சொன்னாங்க தெரியுமா? நாந்தான் கேக்கல."

"ஏன்?"

"ஸ்கூல் பேக்லேருந்து கைப்பேசி வரைக்கும் எல்லாமே நீங்க பாத்து எடுத்ததுதான் மம்மி. ஒன்னாவது நானே எடுக்கணும்."

ஷாமளா கெடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திட்ட ஓர் ஆள் இருந்திருப்பாள். இப்போது அந்த ஆளும் இல்லை. நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள்.

ஜெரால்டின் பெட்டியை எடுத்து வைத்தாள். திறந்தாள். பிறகு, வழக்கம் வழக்கம்தான் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "திரை நல்ல திரை. பேனா கைக்கு இதமா இருக்கும். வரையறவங்களுக்கு எங்க... எங்க நீலத்தவிட இதுதான் தோது," என்றாள். கசப்பு மருந்து குடித்த முகம்தான். ஆனாலும் சொன்னது முழுக்க உண்மை. பில்லில் ஷாமளாவின் பெயரை எழுதினாள்.

லேப்டாப்பை ஓடவிட்டுத் தயார் செய்ததும் அவள்தான். மொழி, நேரம், வைஃபை எல்லாம் வந்து, கடைசியில் பாஸ்வேர்ட் கேட்டது. வழக்கம்போல அவள் விரல்கள் அமண்டாவின் பிறந்த தேதியை அடிக்கப் போயின.

"மம்மி. நான் போட்டுக்கறேன்." அமண்டா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க."

ஜெரால்டின் அந்தப் பக்கம் பார்த்தாள். ஆளில்லாத நீலக் கவுண்டர் தெரிந்தது. விசைகளைத் தட்டும் சத்தம் வெகு நேரம் கேட்டது. நீளமான பாஸ்வேர்ட். கண் கலங்கியதை மறைக்க அவள் விலைச்சீட்டு ஒன்றை நேராக்கினாள்.

அமண்டா அவள் தோளை ஒருமுறை அணைத்துவிட்டுப் பெட்டியோடு கீழே போனாள். ஷாமளா திரும்பி வந்து பில்லைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"அக்கா, சத்தியமா நான் சொல்லல. உங்களோடதத்தான்..."

"தெரியும்லா. அவ சொல்லிட்டா." ஜெரால்டின் தன் கவுண்டருக்கு நடந்தாள். பாதியில் நின்று திரும்பினாள். "ஷாமளா, அவ என்ன பாஸ்வேர்ட் போட்டுக்குவான்னு உங்கிட்ட ஏதும் சொன்னாளா?"

"இல்லியேக்கா. எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி," என்றாள் ஜெரால்டின். "நான் சாப்புடப் போறேன். என் கவுண்டரப் பாத்துக்க."

அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது.