சிவப்புக் காரும் கறுப்புக் காரும்

சிவப்பு பெராரியை எடுப்பதா, கறுப்பு போர்ஷேயை எடுப்பதா? ஆனி பிறந்ததிலிருந்து தென்காசியில் பால்வண்ணநாதன் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. இரண்டும் ஒருவர் ஓட்டிக் கைமாறிய கார்கள்தான். கொச்சியில் வெளிநாட்டுக் கார்களை வாங்கி விற்கும் மசூது என்பவனிடம் நின்றன. மசூது கடையநல்லூர்க்காரன். முன்னொரு காலத்தில் பால்வண்ணநாதனிடம் பல்வலிக்கு வந்து பழக்கமானவன்.

பால்வண்ணநாதன் பல் டாக்டர். முதலில் அவருக்கு வலது கட்டைவிரல்தான் சொன்னபடி கேட்காமல் போயிற்று. ஒருநாள் யாருக்கோ கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த குறடு நழுவித் தரையில் விழுந்தது. திருவனந்தபுரத்தில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இது நரம்பு நோய், தசைகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வரும், கடைசியில் மூச்சும் அப்படித்தான், நிறுத்த மருந்து இல்லை என்றார். பெண்சாதியோடு திரும்பும் வழியில், ஆரியங்காவு தாண்டி, செங்கோட்டை வந்ததும் அவர் சொன்னார்.

"சுந்தரி, கிளினிக்க வித்துரலாம். ஒரு காரு வாங்கணும்."

ஏறி இறங்க வசதியாகப் பெரிய வண்டி ஏதோ கேட்கிறார் என்றுதான் சண்முகசுந்தரி நினைத்தாள். அவர் கேட்டது, படிக்கிற நாளில் கல்லூரி விடுதிச் சுவரில் படம் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி வெளிநாட்டுக் கார் என்று பிறகுதான் தெரிந்தது. இருபத்தைந்து வருசம் சேர்ந்து வாழ்ந்தும் அந்தப் படத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை அந்த மனுசன்.

தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுவார். அவள் டம்ளரில் காபியை நன்றாக ஆற்றி, உறிஞ்சுகுழல் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள்.

"பெராரிக்கு ஒரு சர்வீஸுன்னா லாரியில ஏத்தி பெங்களூருக்கு அனுப்பணும். இன்சூரன்ஸ நெனச்சாலே தல சுத்துது. நம்ம ஊரு வேகத்தடைக்கு அடி தட்டாம ஓட்டணும். போர்ஷேன்னா கொச்சியிலயே வேல முடிஞ்சிரும். பின்னால சின்னதா ரெண்டு சீட்டு வேற இருக்கு."

"அப்பம் அதையே எடுத்துருங்க."

"எடுக்கலாம். ஆனா பெராரி சத்தம் இருக்கே சுந்தரி, அது வேற."

மறுநாள் காலையில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. முந்தின நாள் ராத்திரி அவருக்குச் சாப்பாடு புரையேறி, அவள் பயந்துபோயிருந்தாள்.

"காருக்கு ஆகுற செலவ இம்புட்டு பாக்குதியளே, நாளைக்கு மூச்சுக்கு மெசின் வைக்கணும், தூக்கி எடுக்க ஆள் வைக்கணும். அத யாரு பாக்கது?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் கோபப்படவில்லை.

"கிளினிக்க வித்ததுல அதுக்கு உள்ளதத் தனியா போட்டு வச்சாச்சு. அதத் தொடமாட்டேன். நான் ரோசன பண்ணுதது விக்கிற வெலையப் பத்தி. எனக்குப் பொறவு நீதான விக்கணும். பெராரி வெல அவ்வளவா எறங்காதுங்காக. ஆனா வாங்க ஆள் வரணும், காத்துக் கெடக்கணும். போர்ஷே சட்டுனு போயிரும், ஆனா அடிமாட்டு வெலைக்குக் கேப்பான். ஒன்ன எவனும் ஏமாத்திரக் கூடாதுல்லா. அதான் முடிவு பண்ண முடியல."

அவள் அடுக்களைக்குப் போனாள். பாத்திரம் எதுவும் ஏற்றாமல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அந்த நெருப்பையே பார்த்தபடி நெடுநேரம் நின்றாள்.

ஆடி முதல் வாரத்தில் மசூது போன் செய்தான். திருநெல்வேலியில் ஒருவரிடம் காட்ட இரண்டு கார்களையும் கொண்டுபோகிறானாம். "அப்படியே குத்தாலத்துக்கு வந்துருங்க அண்ணாச்சி, ரெண்டையும் ஓட்டிப் பாத்துருங்க" என்றான். நோயைப் பற்றி அவனிடம் இவர்கள் சொல்லியிருக்கவில்லை.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலை ஓரம் இரண்டு கார்களும் சாரலில் நனைந்துகொண்டு நின்றன. பால்வண்ணநாதன் முதலில் போர்ஷேயில் ஏறினார். இரண்டுமே கியர் மாற்ற வேண்டாத வண்டிகள். மசூது பக்கத்தில் இருக்க, கொஞ்ச தூரம் மெதுவாகப் போய்த் திரும்பி வந்தார். "வெண்ண கணக்கா போவுது சுந்தரி" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டாலும் தானாகவே இறங்கினார்.

பிறகு பெராரி. அதன் இருக்கை தரையோடு தரையாகக் கிடந்தது. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்ஜின் உறுமியதும் அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். ஐந்தருவி வரை போய்த் திரும்பிவந்து நின்றபோது அவர் முகத்தைச் சுந்தரி பார்த்தாள். கல்யாணத்துக்கு முந்தி பெண்பார்க்க வந்தபோது இருந்த முகம்.

மசூது இறங்கிவிட்டான். இவர் இறங்கவில்லை. ஆசை தீர உட்கார்ந்திருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், இரண்டு கைகளையும் இருக்கையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறார். கைகள் மடங்கி மடங்கி விழுகின்றன. சுற்றிலும் செல்போன்கள். "மைலேஜ் எவ்ளோ சார் தரும்?" என்று ஒரு பையன் கேட்கிறான்.

அவள் குடையை விரித்துக் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, அவுகளால எந்திரிக்க முடியல" என்றாள் மசூதிடம், மெல்ல.

மசூதுக்கு ஒரு நிமிசம் ஒன்றும் புரியவில்லை. பிறகு சட்டென்று ஈரத் தார்ச்சாலையில் முட்டி போட்டான்.

"எங் கழுத்தப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"பிடிக்க வரலடே" என்றார் பால்வண்ணநாதன்.

அவர் கக்கத்தில் கை கொடுத்து மசூது தூக்க, அவள் கால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். தள்ளாடி நின்றவரைப் பார்த்துக் கூட்டத்தில் ஒருத்தன், "காலங்காத்தாலயே ஏத்திட்டாரு போல" என்றான். சிரிப்பு எழுந்தது.

சுந்தரி திரும்பினாள். "ஆமா. இன்னைக்கு அவுக சந்தோசமா இருக்காக. நீங்க ஒங்க சோலியப் பாத்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகு அவர் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. வீட்டில் பேச்சே அற்றுப்போயிற்று. புரட்டாசியில் அவர் நாக்கும் குழறத் தொடங்கியது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் ஒருநாள் அவளே லேப்டாப்பைக் கட்டிலருகே கொண்டுவந்து, கண்ணில் பட்ட காரைப் பற்றியெல்லாம் இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். டயர் விலையை இன்ஜின் விலையென்று வாசித்தபோது அவர் சிரித்தார். அதிலிருந்து தினமும் வாசித்தாள்.

மசூதிடமும் போனில் விசாரித்தாள். போர்ஷே போய்விட்டதாம், பெராரி அப்படியே நிற்கிறதாம். "ஒரு தடவ கொண்டாரேன் அக்கா. நான் ஓட்டுதேன், அவுக பக்கத்துல இருக்கட்டும்" என்றான். அவரிடம் கேட்டாள். தலையை ஆட்டி மறுத்தார். பிறகு வார்த்தையைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார்.

"சத்தம்... மட்டும்."

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மசூது கொச்சியிலிருந்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். சுந்தரி ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். அவன் இன்ஜினை முடுக்க முடுக்க ஜன்னல் கம்பி அதிர்ந்தது, எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. பால்வண்ணநாதன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மசூது உள்ளே வரவில்லை. வெளியில் நின்றே கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்கழி பிறந்து சில நாளில் அவருக்கு மூச்சு நின்றது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபின், சுந்தரியின் தங்கை உமாதேவி மட்டும் அவளோடு இருந்தாள். அத்தானின் சட்டைகளை மடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அத்தான் கடைசியில எந்தக் காரு எடுக்கதா இருந்தாக அக்கா?"

"இன்னும் முடிவு பண்ணலட்டி" என்றாள் சுந்தரி.

சொன்ன பிறகுதான், அந்த 'இன்னும்' அவள் காதில் விழுந்தது. அத்தனை நாளும் அழாதவள், மடியில் கிடந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.