ஸகியாவின் தூரக்கண்ணாடி

எண்பத்திரண்டில் ஸவூதியிலிருந்து வந்திறங்கிய ஹமீட், குடும்பத்துப் பெண்களுக்கெல்லாம் அத்தரும் சேலையும் கொடுத்தான். கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா ஸகியாவுக்கு மட்டும் ஒரு தூரக்கண்ணாடி. அவள் கேட்டதே அதுதான். இரண்டு வருஷமாகக் கடிதத்துக்குக் கடிதம் அதைத்தான் எழுதியிருந்தாள்.

கல்முனையில் அவளுடைய வீட்டுக்கு மேல்மாடி எழும்பவில்லை, கொங்கிறீட் தட்டோடு நின்றுபோனது. தட்டில் ஏறினால் நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல்வெளி முழுக்கத் தெரியும். பத்து வருஷமாக அங்கே மிளகாய் காயப்போடுகிறவள், வயலில் இறங்கும் வெள்ளைப் புள்ளிகளை வெறுங்கண்ணால் பார்த்துப் பார்த்து ஏங்கிப்போயிருந்தாள். யாரைக் கேட்டாலும் "கொக்குத்தான்" என்பார்கள். வெள்ளையாயிருந்தால் எல்லாம் ஒன்றா? அந்தப் பதிலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் விடிய, சுபஹு தொழுத கையோடு ஏறினாள். முதலில் கண்ணாடியை மறுபக்கமாகப் பிடித்து, பக்கத்துத் தென்னையே ஈர்க்கில் அளவாய்ப் போனதைப் பார்த்து ஹமீடை ஏசினாள். பிறகு திருப்பிப் பிடித்து, இரண்டு குழலுக்கும் நடுவிலிருந்த சின்னச் சில்லை மெல்லத் திருகினாள். மங்கல் விலகியது. அல்லாஹ்வே, ஒரு நாரை! அதன் மஞ்சள் கண் அவளையே முறைத்தது. விழுங்கிய மீன் கழுத்துக்குள் இறங்குவதுகூடத் தெரிந்தது. வரம்பில் நின்ற சின்ன வெள்ளைக்கு மீன் கொத்தும் சொண்டு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பக்கத்தில் நின்றதற்கோ சொண்டே மஞ்சள். இரண்டும் இரண்டு சாதி! "நான் அப்பவே சொன்னன்" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் கலியாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை.

மூன்று நாள்தான். அதற்குள் அந்தக் கண்ணாடி கிடுகு வேலியை ஊடுருவுமாம், உடுப்பையும் ஊடுருவுமாம் என்று தெருவெல்லாம் கதை. பக்கத்து வளவு மைமூனா கிணற்றடி வேலியில் சாக்குக் கட்டினாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் மீராமுகைதீன் நேரே வந்து முன்கூடத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"அப்துல் ஸமட், அந்தச் சாமானை எடுத்து வாங்க. பள்ளியில இரிக்கட்டும். பொம்புளையள் குளிக்க ஏலாம இரிக்கி."

ஸகியாவின் கணவர் ஸமட் கதிரை நுனியில் இருந்தபடியே, "ஓம் மரைக்கார், தாறன்" என்றார்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஸகியா வெளியே வந்தாள். "ஆரைக் கேட்டுத் தாறீங்க? இது வாப்பா எனக்குச் சீதனமா எழுதித் தந்த ஊடு. அது என்ட தம்பி எனக்குத் தந்த சாமான். நீங்க ஒரு றங்குப் பெட்டியோட வந்த மாப்பிள!"

ஸமட் கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார். நகராமல் என்ன செய்வார்? அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான்.

"மகள், வாய் நீளுது" என்றார் மரைக்கார்.

"கிணத்தடி தெரியக் கண்ணாடி எதுக்கு மாமா? வெறுங்கண்ணுக்கே தெரியும். தேங்காய் பறிக்கிற ஆள் மாசா மாசம் எல்லார்ர கிணத்தடிக்கும் மேலதானே நிக்கான்? அவன்ட கண்ணையும் வாங்கிப் பள்ளியில வைச்சிங்களா?"

"அவன் மரத்தில ஏறமுன்னம் சத்தம் வைப்பான். பொம்புளையள் ஒதுங்குவாங்க."

"அப்ப நானும் சத்தம் வைச்சிட்டு ஏறுறன்."

"பொம்புளட சத்தம் தெருவுக்குக் கேக்கப்படாது. உன்ட மாப்பிளை வைக்கட்டும். வைக்காட்டி சாமான் பள்ளிக்கு வரோணும்." மரைக்கார் எழுந்து போனார். ஸமட் வாய் திறக்கமாட்டார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை ஸகியா கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியடியில் காத்து நின்றாள். ஸமட் தொண்டையைச் செருமினார். செருமல் மட்டும்தான் வந்தது. "எனக்கு ஏலாது புள்ள" என்று நிலத்தைப் பார்த்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் கோபம் அதற்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் விட்டதுதான். முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, வாழ்நாளில் வேலியைத் தாண்டாத குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஏறுறன்! ஸகியா ஏறுறன்! கிணத்தடியில நிக்கிற ஆக்கள் ஒதுங்குங்க!"

கிணறுகளில் வாளிச் சத்தம் நின்றது. வேலிக்கு அப்பாலிருந்து மைமூனாவின் குரல் கேட்டது: "குளிச்சி முடிஞ்சிதுகா, ஏறு!"

ஸகியா விறுவிறென்று ஏறினாள். கண்ணாடியைத் தூக்கப் போனவள் கீழே தெருவைப் பார்த்தாள். பள்ளியிலிருந்து திரும்பிய மரைக்கார் நட்ட நடுத்தெருவில் நெற்றிக்குக் கை வைத்து, அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு எட்டு நகரவில்லை.

"மாமா!" என்று கூப்பிட்டாள். "நான் பாக்கிறது கொக்கு. நீங்க நிண்டு பாக்கிறது ஆரை?"

வேலிகளுக்குப் பின்னால் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மரைக்கார் கையை இறக்கினார், தலையும் கூடவே இறங்கியது.